கழுவக் கூடாத இறைச்சி

எங்கள் வீட்டில் இறைச்சி என்றால் முதல் வேலை கழுவுவது. ஆடோ கோழியோ, கடைக்காரர் எவ்வளவு துப்புரவாக வெட்டித் தந்தாலும், மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகுதான் அது அடுப்புக்குப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. பல் துலக்குவதுபோல அது கையோடு வந்த பழக்கம். அதனால் அந்த ஜூலை முதலாம் திகதி காலை, என் வாழ்க்கையில் முதன்முறையாக வாங்கிய அரைத்த மாட்டிறைச்சிப் பொட்டலங்கள் இரண்டையும் எடுத்து வைத்தபோது, என் கை நேரே மஞ்சள் போத்தலுக்குத்தான் போனது.

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி வீடு மாறுகிற நாள். குத்தகைகள் முக்கால்வாசி அதற்கு முந்தின நாளோடு முடிந்துவிடும். அன்று காலை எந்தத் தெருவுக்குப் போனாலும் நடைபாதையில் மெத்தை கிடக்கும், பூச்சட்டி கிடக்கும், யாரோ ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். சாமான் தூக்க நண்பர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடுவது வீடு மாறுபவரின் கடமை. அந்த வருடம் மாறியவள் என் மகள். கோட்-டெ-நெய்ஜில் இருபது வருடமாக நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்றாம் மாடிக்கு. இருபத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை, தனியாக. பஸ்ஸில் இருபது நிமிடத் தூரம்.

பஸ் கணக்கில் சொன்னால் சின்ன விஷயம்தான். ஆனால் சித்திரை மாதம் அவள் குத்தகைத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து சொன்னபோது எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அது எனக்கு முன்னால் ஓடிவிடும், நான் பின்னால் போய் அதைப் பிடிக்க வேண்டும்.

"கலியாணம் கட்டாமல் தனிக்குடித்தனம் போறவளின்ர வீட்டுக்கு வந்து போக எனக்கென்ன விசரே? உன்ர வாசல்படி மிதிக்க மாட்டன்," என்றேன்.

அவள் அழுதிருந்தால் நானும் அழுது, அது அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் "சரி அம்மா" என்றாள். பிறகு போய்த் தன் கோப்பையைக் கழுவி வைத்தாள். அதற்குப் பின் இரண்டரை மாதம் நாங்கள் பேசாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டியோ, ஓம், மழை வருமாம், ஓம். இப்படி ஒரு வீட்டுக்குள் எவ்வளவு காலமும் ஓட்டலாம். புது வீட்டைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை. நான்தான் வரமாட்டேன் என்றவள், அவள் எதற்குக் கூப்பிட வேண்டும்?

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில், பொதி கட்டும் மேசையில் நின்றுகொண்டு இதை யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் வாயால் அவளை அனுப்பியது சித்திரையில் நடந்ததல்ல என்று ஒருநாள் உறைத்தது. அது பத்து வருடத்துக்கு முந்தியது.

பதினாறு வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி இருந்தாள். சனிக்கிழமைகளில் ஆறேழு பிள்ளைகள் அந்தச் சிநேகிதியின் வீட்டில் கூடி ஹாக்கி பார்ப்பார்கள். அந்த வீட்டு அம்மா எல்லாருக்கும் ஒரு பெரிய தட்டில் சான்விச் செய்து கொடுப்பாவாம். அரைத்த இறைச்சியைத் தக்காளி சோஸில் வதக்கி, பணிசு ரொட்டியைப் பிளந்து அதற்குள் வைத்து, மேலே சீஸ் தூவி அவணில் உருக வைத்தது. ஒருநாள் என் மகள் வந்து, கண்கள் மின்ன, அதை விவரித்தாள். கடிக்கும்போது சீஸ் நூலாக இழுபடும், கையெல்லாம் வழியும், யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படமாட்டார்கள் என்றாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ன இறைச்சி?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடு என்றாள். எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியுமான மச்சம் சமைக்க ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி, வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி அலுமாரியை விட்டு வெளியே வராது. மாட்டிறைச்சி அந்த மச்சச் சட்டியிலும் ஏறியதில்லை.

"அவ்வளவு ருசியெண்டால் அங்கயே போய் இரு," என்றேன்.

அன்றோடு அவள் அந்த வீட்டுக் கதையை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவதை நிறுத்தவில்லை, கதையைத்தான். அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வாயில் சூயிங்கத்தோடு வீடு வந்தாள். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு சிநேகிதியைக்கூட அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்ததில்லை. அப்போது அதை மரியாதை என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, மன்னிப்புக் கேட்க வராத வாயை வைத்துக்கொண்டு, கையால் ஏதாவது செய்யலாம் என்று தீர்மானித்தேன். இறைச்சி வாங்கப் போன அன்று சுப்பர்மார்க்கட்டில் நான் ஒரு திருடியைப்போல நடந்தேன். பொட்டலங்களைக் கூடையில் வைத்து மேலே ஒரு கட்டுப் பச்சை லீக்ஸ் தண்டைப் பரப்பினேன். அப்படியும் காசு கொடுக்கும் வரிசையில் எனக்குப் பின்னால் கோயிலில் காணும் ஒரு அக்கா வந்து நின்றா.

"என்ன, வீட்டில விசேஷமோ? இவ்வளவு பணிஸ்?"

"பிள்ளையின்ர சிநேகிதர் வருகினம் அக்கா."

"லீக்ஸும் நல்லாத்தான் கிடக்கு," என்றா. அவவின் கூடையிலும் மேலே ஒரு கட்டுக் கீரை விரிந்து கிடந்ததை நான் பிறகுதான் யோசித்தேன்.

முதலாம் திகதி காலை ஏழு மணிக்கு மகளின் நண்பர்கள் வாடகை லொறியோடு வந்தார்கள். ஒன்பது பேர். எல்லாரும் எனக்கு மிக மரியாதையாக பொன்ஜூர் சொல்லிவிட்டு, அவளுடைய அறையை ஒரு மணித்தியாலத்தில் காலி செய்தார்கள். மத்தியானம் பீட்சாவுக்குச் சொல்லலாம் என்று அவள் யாருக்கோ சொல்வது கேட்டது. வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப சரி அம்மா," என்றாள். லொறி திரும்பும்வரை பொறுத்திருந்து பொட்டலங்களை வெளியே எடுத்தேன்.

அரைத்த இறைச்சியைக் கழுவிப் பார்த்தவர்கள் உலகத்தில் மிகச் சிலராகத்தான் இருக்க வேண்டும். முதலாவது பொட்டலத்தை வடிதட்டில் கொட்டி, மஞ்சள் தூவி, குழாயைத் திறந்தேன். தண்ணீர் பட்டவுடன் சிவப்பாக இருந்தது சாம்பல் நிறமானது. பிசைந்து அலசினேன். அது தட்டின் ஓட்டைகளால் புழுப் புழுவாக இறங்கியது. விட்டுவிடலாம் என்று எந்த மனிதருக்கும் தோன்றியிருக்கும். எனக்கோ இரண்டாவது தண்ணீர் பாக்கி இருந்தது. மூன்றாவது தண்ணீர் முடிந்தபோது தட்டில் ஒரு கைப்பிடி களி மிஞ்சியிருந்தது, மற்றதெல்லாம் சிங்கில் நின்றது. தண்ணீர் இறங்கவில்லை.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் சைவம், மற்ற நாட்களில் மீன் மட்டும். மஞ்சள் தண்ணீரையும் பொட்டலத்தின் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதென்னப்பா?"

"மாட்டிறைச்சி. பிள்ளையோட வந்த சனத்துக்கு."

நான் ஒரு சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் முதல் நாளே அடுக்கி வைத்திருந்தேன். அவர் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தார். குளியலறையிலிருந்து அடைப்பெடுக்கும் ரப்பர் தடியை எடுத்து வந்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு சிங்கைக் குத்தத் தொடங்கினார்.

"நீர் போய் ஆரிட்டையாவது கேளும், எப்பிடிச் சமைக்கிறதெண்டு," என்றார். முப்பது வருடக் கலியாணத்தில் அந்த மனிதர் மீது எனக்கு அவ்வளவு அன்பு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பொதி கட்டும் மேசையில் என்னோடு நிற்கும் கியூபெக்காரிக்குப் போன் எடுத்தேன். பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் உடைந்த ஆங்கிலமும் உடைந்த பிரெஞ்சும் கலந்து எல்லாக் கதையும் கதைப்போம். நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணியிலயா கழுவினாய்?" என்று கேட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய வீட்டில் யாருக்கோ அதைத் திருப்பிச் சொல்லி, அவர்களும் சிரித்தது எனக்குக் கேட்டது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். கழுவாதே. தாச்சியை நன்றாகச் சூடாக்கு. எண்ணெய் வேண்டாம், இறைச்சியே கொழுப்பு விடும், அதை வடித்துவிடு. வெங்காயம், கெச்சப், கொஞ்சம் கடுகு சோஸ், கொஞ்சம் சீனி. பணிசுக்குள் வை, சீஸ் தூவு, சீஸ் கொதிக்கும்வரை அவணில் விடு. இவ்வளவுதான். வேறொன்றும் போடாதே, உன் கை சும்மா இராது என்று எனக்குத் தெரியும் என்றாள்.

மச்சச் சட்டியை எடுக்கவில்லை. இதற்கென்றே ஒரு புதுத் தாச்சி வாங்கி வைத்திருந்தேன். அதைத் திருப்பிக் கொண்டுவராமல் பிள்ளைக்கே கொடுத்துவிடுவது என் திட்டம். இரண்டாவது பொட்டலத்தைக் கழுவாமல் அதற்குள் போட்டபோது உடம்பு கூசியது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்தில் சமையல் என்னைச் சமையல்காரியாக்கிவிட்டது. வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்ததும் பதம் பிடித்துக்கொண்டேன். கட்டி கட்டியாக நின்ற இறைச்சியை அகப்பையால் குத்தி உதிர்த்தேன். ஒரு கரண்டி கறித்தூள் எப்படி விழுந்தது என்று எனக்கே தெரியாது.

உப்பில்தான் தடுக்கி நின்றேன். அதை நான் வாயில் வைக்கப் போவதில்லை. கணவரைக் கேட்கவும் முடியாது. ஆனால் ருசி பார்க்காமல் சமைப்பது எனக்குப் புதிதல்ல. விரத நாட்களில் படையலுக்கு ஆக்குவதை நாங்கள் வாயில் வைப்பதில்லை, உப்பும் புளியும் கை மட்டில்தான். இத்தனை வருடப் படையலில் கடவுள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதே மூன்று விரலால் உப்பை எடுத்து, படைக்கும்போது மனதுக்குள் சொல்லும் வேண்டுதலும் வந்துவிட, மாட்டிறைச்சிக்குப் போட்டேன். பாவமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிள்ளைக்குப் போடும் உப்பில் பாவம் என்ன என்று விட்டுவிட்டேன்.

கணவர் காரை ஓட்டினார். தாச்சியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், பணிசும் சீஸும் அலுமினியத் தட்டுகளும் பின் இருக்கையில். என் எண்ணம் இதுதான்: படியடியில் நின்று அவளைக் கூப்பிட்டு, சாமான்களைக் கொடுத்துவிட்டு, திரும்பிவிடுவது. அதிலே என் சொல்லும் நிற்கும், அவளுக்குச் சாப்பாடும் போய்ச் சேரும். சொல்லைக் காப்பாற்றுவது எனக்கு எப்போதும் பெரிய விஷயம். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே கூடாது என்று தெரிந்த பிறகும்.

தெருவில் நிறுத்த இடமில்லை. கணவர் பின் இருக்கைச் சாமான்களை ஒரு பையில் போட்டு என் தோளில் மாட்டி, என்னை இறக்கிவிட்டு இடம் தேடிப் போய்விட்டார். வீட்டுக்கு வெளியே இரும்புப் படி, அரைவட்டமாக வளைந்து மேலே போகும் ஒடுக்கமான படி. நான் இரண்டு படி ஏறி, கைப்பிடியில் சாய்ந்து, அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். திரும்பினால் ஒரு சோபா. அதன் அடியில் இரண்டு பெடியள், முகம் சிவந்து, சோபாவை ஏற்கனவே படியில் ஏற்றிவிட்டார்கள். அவர்களால் இறக்கவும் முடியாது, என்னைத் தாண்டவும் முடியாது.

"மோந்தே, மதாம், மோந்தே," என்று கெஞ்சினார்கள். ஏறுங்கோ அம்மா, ஏறுங்கோ.

ஏறினேன். நான் ஏற ஏற சோபாவும் ஏறியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒதுங்கலாம் என்று பார்த்தால் அங்கே யாருடையதோ சைக்கிள். மேலே வாசல் அகலத் திறந்து கிடந்தது. சோபாவின் முனை என் முதுகைத் தொட்டது. எந்தக் கால் முதலில் வைத்தேன் என்றுகூடத் தெரியாது, உள்ளே நின்றேன்.

மகள் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். என்னைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள், வாசல்படியையும் பார்த்தாள்.

"வரமாட்டன் எண்டனீங்கள்."

"பின்னால சோபா வந்தது," என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. சமையலறை எங்கே என்று கேட்டேன். துவாயை அவிழ்த்து மூடியைத் திறந்ததும் அவளுக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது. பணிசுகளைப் பிளக்கத் தொடங்கினாள். நான் இறைச்சியை அள்ளி வைத்தேன், அவள் சீஸ் தூவினாள். இரண்டு தட்டும் நிறைந்தன. இரண்டரை மாதத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை.

நண்பர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். அவர்களில் உயரமான ஒரு பெண் அவணைத் திருகப் போனாள். என் மகள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். இப்போது வேண்டாம் என்றாள். அந்தப் பெண் கைகளை விரித்து என்னிடம் முறையிட்டாள். காலையிலிருந்து இவள் அடுப்பைத் தொட விடவில்லை, கோப்பிகூட தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கித்தான் குடித்தோம், காரணம் கேட்டால் சொல்கிறாளும் இல்லை.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புது வீட்டு அடுப்பில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அது பொங்கி வழிய வேண்டும். அதற்கு முன் வேறொன்றும் ஏறக்கூடாது. இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. நாங்கள் இந்த ஊரில் வீடு மாறிய இரண்டு தரமும் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"பால் வாங்கி வைச்சிருக்கு அம்மா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "சட்டிதான் எந்தப் பெட்டியில எண்டு தெரியேல்லை."

சுற்றிப் பார்த்தேன். கூரைவரை பெட்டிகள், ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. ஒன்பது பேர் பசியோடு நிற்கிறார்கள். மேசையில் ஒரே ஒரு பாத்திரம் வெறுமையாக இருந்தது. மாட்டிறைச்சி சமைத்த தாச்சி. அவளும் அதைத்தான் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். "பேந்து பாப்பம் அம்மா, பரவாயில்லை," என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பழக்கமானது. சூயிங்கம் மென்றுகொண்டு வந்த காலத்துப் பரவாயில்லை.

தாச்சியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். மூன்று தண்ணீரில் கழுவினேன். மனம் நாலாவதையும் கேட்டது, அதையும் கொடுத்தேன். "பாலைக் கொண்டா," என்றேன்.

அந்த அடுப்பு சூடாக ஒரு யுகம் எடுத்தது. பெடியளும் பெட்டையளும் வட்டமாக நின்று பாலைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் பிரெஞ்சில் ஏதோ விளங்கப்படுத்தினாள், பாதிதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் வழக்கம் என்று சொல்லவில்லை. எங்கட வழக்கம் என்றாள். பால் நுரைத்து எழும்பி வழிந்தது, கருகிய மணம் வந்தது, புகைமணி அலறத் தொடங்கியது. உயரமான பெண் கதிரையில் ஏறி அதை ஒரு பெட்டி மட்டையால் விசிறினாள். அந்தக் கூத்தின் நடுவில்தான் கணவர் மேலே வந்தார். பாலைப் பார்த்துக் கையைக் கூப்பினார். தாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூப்பிய கையை எடுக்கவில்லை.

பிறகு அவண். சீஸ் உருகிக் குமிழ்விட்டதும் தட்டுகளை வெளியே எடுத்தோம். கோப்பைகள் எந்தப் பெட்டியிலோ, ஆளுக்கொரு காகிதத் துண்டு. எல்லாரும் பெட்டிகள்மேல் இருந்து சாப்பிட்டார்கள். உண்மைதான், சீஸ் நூலாக இழுபட்டது, கையெல்லாம் வழிந்தது, யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படவில்லை.

என் பிள்ளையைத் தேடினேன். அவள் ஒரு பணிசை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குறுகியிருந்தது. பத்து வருடமாக அவள் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள், எங்கேயோ, எனக்குத் தெரியாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு. அதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

கிட்டப் போனேன்.

"இஞ்சால திரும்பி நிண்டு சாப்பிடு," என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"நான் வாயில வைக்கேல்லை. உப்பு எப்பிடியெண்டு நீதான் சொல்லோணும்."

திரும்பினாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் கடித்தாள். சீஸ் நாடியில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. நன்றாக மென்று விழுங்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, என் கண்ணிலும்தான்.

"உப்புக் காணாது அம்மா."

"அடுத்தமுறை பாத்துப் போடுறன்," என்றேன். பிறகு, கால் வலித்ததால், என்னை மேலே தள்ளிக்கொண்டு வந்த அந்தச் சோபாவில் போய் இருந்தேன்.